காஸ், கரண்ட் பில்லும் பிரித்தானிய விலை உச்சவரம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காஸ், மின்சார விலை உச்சவரம்பு ('பிரைஸ் கேப்') என்று செய்தியில் ஒரு புதுத் தொகை வருகிறது. அது வந்த அன்றே கோயிலிலும் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் அதே சந்தேகங்கள் திரும்பவும் எழுகின்றன. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, பில்லைப் படித்துப் பார்க்காமலே கட்டிவிடுகின்றன. அதனால் போகும் பணம் சிறிதல்ல. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, விடைகளைக் கணக்கோடு தந்திருக்கிறோம். எண்கள் 2026 ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டுக்கு உரியவை. காலாண்டு மாறினால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

"பிரைஸ் கேப் 1,758 பவுண் எண்டு நியூஸில சொல்லுறாங்கள். அப்ப வருசத்துக்கு அதுக்கு மேல பில் வராதுதானே?"

வரும். உச்சவரம்பு உங்கள் பில்லுக்குப் போடப்பட்டதல்ல, ஒரு யூனிட்டின் விலைக்கும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளாந்தம் விழும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் போடப்பட்டது. ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் காஸும் பாவித்து, டிரெக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் முறையில்) கட்டும் ஒரு 'சராசரி வீட்டுக்கு' எவ்வளவு வரும் என்று காட்டத்தான் 1,758 என்ற தொகையைச் சொல்கிறார்கள். அம்மா அப்பா, மூன்று பிள்ளைகள், பகல் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மம்மா என்று ஆறு பேர் வாழும் வீட்டில் 2,500 பவுணும் தாண்டலாம். தனியாக ஒரு பிளாட்டில் இருப்பவருக்கு ஆயிரத்தைத் தொடாமலும் போகலாம். இரண்டுமே உச்சவரம்புக்கு உட்பட்ட பில்கள்தான்.

வரம்பை நிர்ணயிப்பது ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2019 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களின் முதல் நாளில் மாறும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்கு இது கிடையாது, அங்கே ஒழுங்குமுறை வேறு.

"அப்ப எங்கட வீட்டுக்கு எவ்வளவு வரும் எண்டு நானே கணக்குப் பார்க்கலாமோ?"

தாராளமாக. நான்கு எண்கள் போதும். 2026 ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டில் டிரெக்ட் டெபிட்டுக்கு மின்சாரம் யூனிட்டுக்கு 27.69 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 54.75 பென்ஸ். காஸ் யூனிட்டுக்கு 5.93 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 35.09 பென்ஸ். 5 வீத வற் வரி இவற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. யூனிட் என்பது ஒரு கிலோவாற் மணி.

30 நாளில் 250 யூனிட் மின்சாரமும் 1,200 யூனிட் காஸும் ஓடியது என்று வையுங்கள். மின்சாரம் 69.23 பவுண், அதன் ஸ்டாண்டிங் சார்ஜ் 16.43. காஸ் 71.16, அதன் ஸ்டாண்டிங் சார்ஜ் 10.53. மொத்தம் ஏறக்குறைய 167 பவுண். உங்கள் பில்லில் உள்ள விலை மேலே சொன்னதிலிருந்து சற்று வேறுபட்டால் பயப்பட வேண்டாம். நாடு 14 வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, வலயத்துக்கு வலயம் விலை கொஞ்சம் மாறும், நாம் தந்தது சராசரி. கட்டும் முறையும் விலையை மாற்றும். பில் வந்த பிறகு காசாகவோ காசோலையாகவோ கட்டுபவருக்கு ஆண்டுக்கு நூறு பவுணுக்கு மேல் கூடுதலாகப் போகிறது.

"காஸ் மீற்றர்ல 90தான் ஓடியிருக்கு, பில்லில 1,010 யூனிட் எண்டு போட்டிருக்கு. ஏமாத்துறாங்களோ?"

இல்லை. காஸ் மீற்றர் அளப்பது கன அளவை, பில் போடுவது வெப்பத்துக்கு. புதிய மீற்றரில் 'எம்' என்ற எழுத்தும் மேலே ஒரு சிறு 3உம் இருக்கும், அது கன மீற்றர். அதை 1.02264ஆல் பெருக்கி, பில்லில் அச்சிட்டிருக்கும் வெப்ப மதிப்பால் பெருக்கி, 3.6ஆல் வகுத்தால் யூனிட் வரும். வெப்ப மதிப்பு பெரும்பாலும் 39.5க்குக் கிட்ட இருக்கும். சுருக்கமாக, ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 11.2 யூனிட். 90ஐ 11.2ஆல் பெருக்கினால் 1,010க்குக் கிட்ட வந்துவிடுகிறது.

பழைய வீடுகளில் இன்னும் கன அடி மீற்றர்கள் உள்ளன. அவற்றின் வாசிப்பை முதலில் 2.83ஆல் பெருக்கிக் கன மீற்றராக்க வேண்டும். பெரிய பிழை நடக்கும் இடம் இதுதான். கன மீற்றரில் ஓடும் மீற்றரை, கம்பனியின் பதிவேட்டில் கன அடி மீற்றர் என்று எழுதி வைத்திருந்தால் உங்களுக்கு மூன்று மடங்குக்குக் கிட்டக் காஸ் பில் வரும். மீற்றரின் முகப்பையும் பில்லில் உள்ள கணக்கையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன மீற்றராக இருந்தும் பில்லில் 2.83 வந்தால், மீற்றரைப் படமெடுத்து உடனே அனுப்புங்கள்.

"முந்தி இவ்வளவு வராதே. எப்ப இருந்து இப்படி ஏறினது?"

2021 ஒக்டோபரில் சராசரி வீட்டுக்கான வரம்பு 1,277 பவுண். கொரோனாவுக்குப் பிறகு உலகெங்கும் காஸ் தேவை கூடி, 2021 இலையுதிர் காலத்தில் மொத்தவிலை, அதாவது கம்பனிகள் சந்தையில் வாங்கும் விலை, ஏறியது. முன்கூட்டியே காஸ் வாங்கி வைக்காத சிறு கம்பனிகள் முப்பதுக்குக் கிட்ட விழுந்தன. அவற்றின் வாடிக்கையாளர்களை மாற்றிய செலவும் எல்லோருடைய பில்லிலும் ஏறியது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. ஏப்ரலில் வரம்பு 54 வீதம் ஏறி 1,971 ஆனது. ஒக்டோபருக்கு 3,549 என்று அறிவிக்கப்பட்டபோது அரசு தலையிட்டு, சராசரி வீட்டுக்கு 2,500 பவுணில் விலையை நிறுத்தி, மிச்சத்தைத் தானே கம்பனிகளுக்குக் கொடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு தவணையில் 400 பவுண் கிடைத்ததும் இதன் கூடவே வந்ததுதான்.

2023 ஜனவரியில் வரம்பு 4,279 வரை போனது, ஆனால் அரசின் உத்தரவாதம் இருந்ததால் மக்கள் அந்த விலையைக் கட்டவில்லை. 2023 ஜூலையில் 2,074க்கு இறங்கியது. 2024 ஜூலையில் 1,568, 2025 ஏப்ரலில் 1,849, பிறகு 1,720, 1,755, 2026 ஜனவரியில் 1,758. உச்சத்திலிருந்து இறங்கியது உண்மை. நெருக்கடிக்கு முந்தைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதும் உண்மை. 2023 ஒக்டோபரில் 'சராசரி வீட்டின்' பாவனையையே 2,900 யூனிட்டிலிருந்து 2,700க்கும், காஸை 12,000இலிருந்து 11,500க்கும் குறைத்தார்கள். ஆகவே அதற்கு முன்னும் பின்னும் உள்ள தொகைகளை நேருக்கு நேர் ஒப்பிட்டால் விலை இறங்கியதைவிடக் கூடுதலாக இறங்கியதுபோல் தெரியும்.

"காத்தாலையில இருந்து வாற கரண்டுக்கும் ஏன் காஸ் விலையைப் பார்க்கினம்?"

மின்சாரச் சந்தையில் ஒவ்வொரு அரை மணிக்கும் தேவையை நிறைவு செய்யக் கடைசியாக ஓட வேண்டிய மின்நிலையத்தின் விலையே எல்லோருக்கும் விலையாகிறது. பிரித்தானியாவில் அந்தக் கடைசி நிலையம் பெரும்பாலும் காஸில் ஓடுவது. காற்று நன்றாக வீசும் நாளில் மொத்தவிலை விழும், ஆனால் வருடம் முழுவதையும் எடுத்தால் காஸ்தான் விலையை இழுத்துக்கொண்டு போகிறது.

"உலகச் சந்தையில விலை இறங்கிட்டுதாம். எங்கட பில் ஏன் இறங்கேல்ல?"

இரண்டு காரணம். முதலாவது தாமதம். ஜனவரி வரம்புக்கு ஆஃப்ஜெம் பார்ப்பது ஏறத்தாழ ஆகஸ்ட் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நிலவிய சந்தை விலையை. டிசம்பரில் விலை விழுந்தால் அதன் பலன் ஏப்ரலில்தான் வீட்டுக்கு வரும். ஏறும்போதும் அதே தாமதம் உங்களைக் காக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மொத்தவிலை பில்லில் ஒரு பங்குதான், பாதிகூட இல்லை. மிச்சம் கம்பி, குழாய் வலையமைப்பைப் பராமரித்துப் பெருப்பிக்கும் செலவு, அரசுத் திட்டங்களுக்கான தொகை, கம்பனியின் நிர்வாகச் செலவு, மற்றவர்கள் கட்டாமல் விட்ட கடன், கம்பனிக்கு அனுமதிக்கப்பட்ட இலாபம், வற். காஸ் விலை இறங்கிய அதே காலாண்டில் வலையமைப்புச் செலவு ஏறினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அரசு, பில்லோடு ஒட்டியிருந்த திட்டச் செலவுகளில் ஒரு பகுதியை 2026 ஏப்ரல் முதல் எடுத்துவிடுவதாக அறிவித்தது. சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 150 பவுண் அளவு குறையும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் சந்தை விலையும் வலையமைப்புச் செலவும் தம் பாட்டில் ஏறி இறங்கும் என்பதால், அந்த 150 அப்படியே உங்கள் பில்லில் தெரியும் என்று எண்ண வேண்டாம்.

"ஆறு கிழமை ஊருக்குப் போய் நிண்டு வந்தனாங்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அதுக்கும் ஏன் பில்?"

ஸ்டாண்டிங் சார்ஜ். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளுக்கு மின்சாரத்துக்கும் காஸுக்குமாக 89.84 பென்ஸ் ஓடும். 42 நாளுக்கு 37.73 பவுண். ஒரு யூனிட்கூடப் பாவிக்காமல் ஒரு வருடத்துக்கு 328 பவுண். குளிர்சாதனப் பெட்டி, வைஃபை பெட்டி, கராஜில் உள்ள பெரிய பிரீசர் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அதுவும் சேரும்.

டொப்-அப் மீற்றர் (முன்கூட்டியே காசு போட்டுப் பாவிக்கும் மீற்றர்) உள்ளவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கோடையில் காஸ் பாவிக்காதவர்கள் மீற்றருக்குக் காசு போடாமல் விட்டுவிடுவார்கள். ஸ்டாண்டிங் சார்ஜ் நாள்தோறும் கடனாகச் சேர்ந்துகொண்டிருக்கும். நவம்பரில் முதல் குளிருக்கு 20 பவுண் போட்டால் அந்தக் கடன் முழுவதையும் விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் மீற்றர் காட்டும். "காசு போட்டும் காஸ் வரேல்ல" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கோடையிலும் கிழமைக்கு 3 பவுண் போட்டு வையுங்கள். ஊருக்குப் போகுமுன் போகும் நாட்களை எண்ணி அதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

"மாசம் 140 பவுண் எடுக்கறாங்க. ஆனா ஜூலை பில்லுல 60தான் செலவுன்னு இருக்கு. மீதி 80 எங்க போகுது?"

உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. டிரெக்ட் டெபிட் என்பது ஆண்டுச் செலவை மதிப்பிட்டுப் பன்னிரண்டாகப் பிரித்து எடுப்பது. கோடையில் சேரும், ஜனவரி பெப்ரவரியில் கரையும். செப்டம்பர் ஒக்டோபரில் இரண்டு மாதத் தவணை அளவுக்கு மேல்மிச்சம் இருப்பது இயல்பு. ஏப்ரல் முடிவில், குளிர்காலம் கடந்த பிறகும் பெரிய தொகை மிச்சமாக இருந்தால், தவணை தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அப்போது மீற்றர் வாசிப்பைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தரும்படியும் தவணையைக் குறைக்கும்படியும் கேளுங்கள். தவணையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டால் அவர்கள் விளக்க வேண்டும். மேலே இரண்டாவது கேள்வியில் காட்டிய முறைப்படி நீங்களே ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வங்கியில் போய் டிரெக்ட் டெபிட்டையே நிறுத்திவிடுவதுதான் பலர் கோபத்தில் செய்யும் பிழை. நிறுத்தினால் கூடிய விலையுள்ள கட்டும் முறைக்கு உங்களை மாற்றிவிடுவார்கள்.

"ஸ்மார்ட் மீற்றர் போட்டாச்சு. இனி வாசிப்புக் குடுக்கத் தேவையில்லைத்தானே?"

அது வாசிப்பைத் தானாகக் கம்பனிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பில்லில் வாசிப்புக்குப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்ற பொருளில் சொல்லோ எழுத்தோ இருந்தால் மீற்றர் பேசவில்லை. நிலவறையில் உள்ள மீற்றர், தடித்த சுவர், பழைய தலைமுறை மீற்றரோடு கம்பனி மாறியது எல்லாம் இதற்குக் காரணமாகும். காஸ் மீற்றர் மின்சார மீற்றர் வழியாகத்தான் பேசும், ஆகவே இரண்டுக்கும் தூரம் கூடினால் காஸ் மட்டும் மதிப்பீட்டில் போகும். கையில் தந்த சிறு திரை சரியாக ஓடுவதை வைத்து நம்ப வேண்டாம். திரை வீட்டுக்குள் பேசுவது, கம்பனிக்கு அனுப்புவது வேறு வழி.

பேசாத மீற்றர் என்றால் மாதம் ஒருமுறை வாசித்துக் கொடுங்கள். விலை மாறும் நாளன்றோ அதற்கு முதல் நாளோ கொடுக்கும் வாசிப்புக்குத்தான் பெறுமதி கூட. இல்லாவிட்டால் எத்தனை யூனிட் பழைய விலையில், எத்தனை புதிய விலையில் என்று கம்பனி தானே பிரித்துப் போடும். மீற்றரைப் படமும் எடுத்து வையுங்கள், பின்னால் வழக்கு வந்தால் அதுதான் சாட்சி.

"நைற் ரேற் மீற்றர், ஸ்டோரேஜ் ஹீற்றர் இருக்கு. பகல் விலை கேப்பை விடக் கூடவாக் கிடக்கே?"

இருக்கலாம். பகலுக்கும் இரவுக்கும் வேறு வேறு விலையுள்ள இரட்டை விலை மீற்றருக்கு வரம்பு, பகல் இரவு பாவனையை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் வைத்து மொத்தமாகப் பார்க்கப்படுகிறது. அதற்குள் பகலைக் கூட்டி இரவைக் குறைக்கக் கம்பனிக்கு இடமுண்டு. இரவு மின்சாரத்தில் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் ஸ்டோரேஜ் ஹீற்றரைப் பாவிக்காமல் பகலில் பிளக் ஹீற்றர் போடுபவருக்கு இந்த மீற்றர் நட்டம்தான், ஒற்றை விலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பகல், இரவு வாசிப்புகளை மாற்றிப் பதிந்திருப்பதும் நடக்கும். நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணியளவில் எந்த எண் ஓடுகிறது என்று பாருங்கள், அதுதான் இரவு எண். பல பழைய மீற்றர்கள் கோடை நேர மாற்றத்தை அறியாது, மார்ச் இறுதியிலிருந்து எல்லாம் ஒரு மணி தள்ளியே நடக்கும்.

"ஃபிக்ஸ்ட் எடுக்கறது நல்லதா, கேப்லயே இருக்கறது நல்லதா?"

உச்சவரம்பு, எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பவர்களுக்கான மாறும் விலைக்குத்தான். குறித்த காலத்துக்கு விலையை மாற்றாமல் வைக்கும் ஃபிக்ஸ்ட் திட்டத்தின் விலை அதற்குள் வராது, கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். 'கேப்பை விட இத்தனை வீதம் குறைவு' என்ற விளம்பரத்தை நம்பி எடுக்காதீர்கள். உங்கள் கடந்த 12 மாத யூனிட்டுகளை எடுத்து, அவர்கள் தரும் யூனிட் விலையால் பெருக்கி, ஸ்டாண்டிங் சார்ஜை 365ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்கு ஸ்டாண்டிங் சார்ஜ் குறைந்த திட்டம் நல்லது, நிறையப் பாவிக்கும் வீட்டுக்கு யூனிட் விலை குறைந்தது.

எடுத்த 14 நாளுக்குள் மனம் மாறினால் விலகலாம். அதன் பிறகு இடையில் விலகினால் காஸுக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனியாக விலகல் கட்டணம் இருக்கக்கூடும். காலம் முடிய 49 நாள் இருக்கும்போதிலிருந்து அந்தக் கட்டணம் கிடையாது. பட்ஜெட் இறுக்கமான குடும்பத்துக்கு, விலை சற்றே குறையக்கூடிய வாய்ப்பை விடவும் திடீரென ஏறாது என்ற நிம்மதி பெரிது என்பது எங்கள் எண்ணம்.

"டொப்-அப் மீற்றர் எண்டால் கூட விலையோ?"

முன்பு அப்படித்தான். 2024 ஏப்ரலில் ஸ்டாண்டிங் சார்ஜைச் சமப்படுத்திய பிறகு டிரெக்ட் டெபிட்டை விடக் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. காசு தீர்ந்தால் அவசரக் கடன் உண்டு, இரவிலும் வார இறுதியிலும் வெட்டாத நேரம் உண்டு. இரண்டும் பிறகு கழிக்கப்படும். புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிவந்தால் முதலில் காசு போடாதீர்கள். முன்பிருந்தவரின் கடனை அந்த மீற்றர் உங்களிடமிருந்து கழிக்கத் தொடங்கலாம். வந்த நாள், வாசிப்பு, திரையில் உள்ள கடன் தொகை மூன்றையும் படமெடுத்து, கம்பனியை அழைத்துப் புதிய கார்ட்டோ சாவியோ வாங்குங்கள்.

"அறை வாடகைக்கு இருக்கிறன். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 45 பென்ஸ் எடுக்கிறார். கேட்கலாமோ?"

கேட்கலாம். வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் காஸையோ மின்சாரத்தையோ உங்களுக்கு விற்க முடியாது. மறுவிற்பனை உச்சவிலை என்று ஆஃப்ஜெம் விதித்திருக்கிறது. ஸ்டாண்டிங் சார்ஜில் உங்கள் பங்கையும் வற்றையும் சேர்க்கலாம், இலாபம் சேர்க்க முடியாது. எப்படிக் கணக்கிட்டார் என்று எழுத்தில் கேளுங்கள், கூடுதலாக வாங்கியதைச் சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கவும் முடியும். வாடகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம் என்று பேசியிருந்தால் இது பொருந்தாது.

ஒரு பெரிய பொய்லரிலிருந்து முழுக் கட்டடத்துக்கும் சுடுநீர் வரும் புதிய அடுக்குமாடிகளில் வெப்பத்துக்கு இந்த உச்சவரம்பு இல்லை. அப்படியான வீட்டை வாங்குமுன் கடந்த ஆண்டின் வெப்பக் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள்.

"கீழ கடை, மேல நாங்கள். ஒரே மீற்றர். கேப் எங்களுக்கும் உண்டோ?"

மீற்றர் வணிக ஒப்பந்தத்தில் இருந்தால் இல்லை, வீட்டுப் பங்குக்கும் இல்லை. செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, மேல் வீட்டுக்குத் தனி மீற்றர் போடுவது. செலவு உண்டு, ஆனால் பல வருடம் இருக்கப் போகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டிய விடயம். மற்றது வற். வணிகத்துக்கு 20 வீதம், வீட்டுக்கு 5 வீதம். மொத்தப் பாவனையில் 60 வீதமோ அதற்கு மேலோ வீட்டுக்கு என்றால் முழுவதற்கும் 5 வீதம்தான். குளிர்பானப் பெட்டிகள் ஓடும் கடையில் அந்த அளவு வருவது கடினம், ஆனாலும் வீட்டுப் பங்குக்கு மட்டும் பிரித்து 5 வீதம் கேட்கலாம். அதற்கான படிவத்தைக் கம்பனியிடம் கேட்டு நிரப்பிக் கொடுக்க வேண்டும், அவர்களாகச் செய்யமாட்டார்கள். நாளுக்குச் சராசரி 33 யூனிட் மின்சாரத்துக்குக் கீழே பாவிக்கும் சிறு கடைக்கு, வீடு இல்லாவிட்டாலும் 5 வீதம்தான் உரியது.

"முழு வீட்டையும் சூடாக்காம ஒரு ரூமில எலெக்ட்ரிக் ஹீற்றர் போட்டா மிச்சம்தானே?"

பெரும்பாலும் இல்லை. 2 கிலோவாற் ஹீற்றர் ஒரு மணிக்கு 55 பென்ஸ். அதே 55 பென்ஸுக்கு 9 யூனிட்டுக்கு மேல் காஸ் கிடைக்கும், பொய்லரின் இழப்பைக் கழித்தாலும் நான்கு மடங்கு வெப்பம். ஒருவர் மட்டும் ஒரு மணி நேரம் ஒரு அறையில் இருப்பதற்குச் சரி. மாலை முழுக்க ஓடினால் அந்த அறையின் ரேடியேற்றரைத் திறந்து, ஆளில்லாத அறைகளின் ரேடியேற்றரைக் குறைத்து வைப்பதே மலிவு.

சுடுநீர்த் தொட்டி இல்லாத கொம்பி பொய்லர் என்றால் ரேடியேற்றருக்குப் போகும் நீரின் வெப்பநிலையை 60 பாகைக்கு இறக்குங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 75, 80 என்று இருக்கும். திரும்பி வரும் நீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் பொய்லர் புகையில் போகும் வெப்பத்தையும் பிடித்துத் தரும். வீடு சூடாகச் சற்று நேரம் எடுக்கும், ஆகவே அரை மணி முன்னதாக ஓட விடுங்கள். சுடுநீர்த் தொட்டி உள்ள வீட்டில், தொட்டிக்கு 60 பாகைக்கு மேல் வேண்டும். இல்லாவிட்டால் லெஜியொனெல்லா கிருமி வளரும், அங்கே இதைத் தொட வேண்டாம்.

சமையலறையை நினைத்துக் கவலைப்படுபவர்கள் அதிகம். இட்லிக்கு அரை மணி கிரைண்டர் ஓடினால் 2 பென்ஸ். ரைஸ் குக்கர் ஒரு முறைக்கு 8 பென்ஸ் அளவு. 9 கிலோவாற் எலெக்ட்ரிக் ஷவரில் 10 நிமிடம் குளித்தால் 42 பென்ஸ், ஐந்து பேர் குளித்தால் நாளுக்கு 2 பவுண். தொட்டியில் உள்ள 3 கிலோவாற் இமேர்ஷன் ஹீற்றரின் சுவிட்சைத் தவறுதலாகப் போட்டுவிட்டு, காஸ் பொய்லரும் ஓடும் வீடுகள் உண்டு. பில் திடீரென ஏறினால் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

"ரெண்டு வருசத்துக்குப் பிறகு 1,900 பவுண் கட்டச் சொல்லி வந்திருக்கு. கட்டத்தான் வேணுமோ?"

கம்பனி சரியாகப் பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு முன் பாவித்ததற்கு இப்போது காசு கேட்க முடியாது. 2018 முதல் இது உரிம விதி. மீற்றர் வாசிக்க வந்தவரைத் தடுத்தது, வேண்டுமென்றே வாசிப்பை மறைத்தது போன்றவை நடந்திருந்தால் மட்டும் பாதுகாப்பு இல்லை. 'பின்பில்லிங் விதியின்படி 12 மாதத்துக்கு முந்தியதை நீக்கவும்' என்று எழுத்தில் அனுப்புங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்று பிரித்துக் கேளுங்கள். மிச்சத்தைத் தவணையில் கட்டலாம்.

"நான் தனி ஆள். பக்கத்து வீட்டு நாலு பேருக்கு வாறத விடக் கூட வருது. மீற்றர் மாறியிருக்குமோ?"

வீடுகளைப் பிளாட்டுகளாகப் பிரித்த இடங்களில் நடக்கும். முதலில் மீற்றரில் உள்ள தொடர் எண்ணைப் பில்லில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒத்தால் அடுத்த சோதனை: மருத்துவக் கருவி எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்து, உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மீற்றரைப் பாருங்கள். அப்போதும் எண் ஏறினால் வேறொருவரின் இணைப்பு உங்கள் மீற்றரில் இருக்கிறது. எண் நின்றால், மெயின் சுவிட்சைத் திரும்பப் போட்டு, உங்கள் கெற்றிலை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அசையாவிட்டால் அது உங்கள் மீற்றரே அல்ல. வீடியோ எடுத்து அனுப்புங்கள். முத்திரையிட்ட பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம்.

"உண்மையா கட்ட ஏலாமல் இருக்கு. கரண்டை வெட்டுவாங்களோ? எதும் உதவி இருக்கோ?"

அழைத்துப் பேசுபவரை வெட்டுவது மிக அரிது. உங்களால் இயன்ற தவணையை ஒழுங்குசெய்யக் கம்பனி கடமைப்பட்டது. வரவு செலவை ஒரு தாளில் எழுதிவைத்து, கிழமைக்கு இவ்வளவுதான் முடியும் என்று சொல்லுங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்றும் கேளுங்கள். ஓய்வூதிய வயதினர் தனியாகவோ, சிறுவர்களோடோ மற்ற முதியவர்களோடோ மட்டும் வாழும் வீட்டை ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை வெட்டக் கூடாது. விருப்பத்துக்கு மாறாக டொப்-அப் மீற்றர் போடவும் கடும் விதிகள் உள்ளன. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, துணையில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர், மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பியிருப்பவர் உள்ள வீட்டில் போட முடியாது. முதியவரோ நோயாளரோ குழந்தையோ இருந்தால் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், அது இலவசம்.

குளிர்கால 150 பவுண் கழிவு (வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்), 2025-26 முதல் வருமானத்தைப் பார்த்துத் தரும் அரச உதவி பெறும் எல்லாப் பில்காரருக்கும் விரிக்கப்பட்டது. பில் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் எங்கள் குடும்பங்கள் இதை இழக்கின்றன. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் அம்மாவுக்கு வருகிறது, ஆங்கிலம் தெரிந்த மகனின் பெயரில் பில் இருக்கிறது. உதவி பெறுபவரோ அவரது துணையோ பில்லில் இருக்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டுக்கு அறிவிக்கப்படும் தகுதி நாளில். 2025இல் அது ஆகஸ்ட் 24. கோடை முடியுமுன் பெயரை மாற்றிவிடுங்கள்.

"எழுதியும் போன் பண்ணியும் களைச்சுப் போனன். கம்பனி கேட்கிற மாதிரி இல்லை. வேற ஆரிட்டச் சொல்லலாம்?"

முதலில் 'இது முறைப்பாடு' என்று தெளிவாகச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். வெறும் அழைப்பு முறைப்பாடாகப் பதியப்படாது. எட்டுக் கிழமை கடந்தாலோ, 'இதற்கு மேல் செய்ய முடியாது' என்று கடிதம் தந்தாலோ, இத்தகைய முறைப்பாடுகளை நடுநிலையாகத் தீர்க்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கடிதம் வந்திருந்தால் 12 மாதத்துக்குள் போக வேண்டும். இலவசம், வழக்கறிஞர் தேவையில்லை. அவர்கள் தரும் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பனி அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

அனுப்ப வேண்டியவை: திகதியோடு மீற்றர் படங்கள், பில்கள், நீங்கள் போட்ட கணக்கு, யாரோடு எப்போது பேசினீர்கள் என்ற குறிப்பு. கேட்பது என்ன என்பதையும் எழுதுங்கள்: எந்தத் தொகையை நீக்க வேண்டும், எந்த வாசிப்பிலிருந்து பில்லைத் திருத்த வேண்டும், எவ்வளவு திரும்பத் தர வேண்டும். முறைப்பாடு நடக்கும்போது, சர்ச்சையில்லாத தொகையைத் தொடர்ந்து கட்டிக்கொண்டிருங்கள்.